இடது கால், எட்டாம் நம்பர்

கொம்பனித்தெருவில், ரயில் போகும்போதெல்லாம்
கண்ணாடி நடுங்கும் கட்டடம்.
மூன்றாம் மாடி. மந்திரக் கட்டுப்பாட்டுத் திணைக்களம்.
லிஃப்ட் வேலை செய்யாது.
மந்திரம் போட்டுத் தூக்கலாம்தான்,
அதற்கு மூன்று விலைமனு கோர வேண்டும்.

எங்களிடம் மந்திரக்கோல் கிடையாது. குடைக்கம்பி.
புறக்கோட்டையில் குடை திருத்துபவர்களிடம் வாங்கி வருவார்கள்,
நான் இலக்கம் பொறித்துக் கொடுப்பேன்.
வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.
துருப்பிடித்த கம்பியால் மழையை நிறுத்தப் போய்
தன் வீட்டுக்குள் மட்டும் மழை பெய்வித்த
மருதானைக்காரரின் வழக்கு இன்னும் முடியவில்லை.

பெரிய வித்தை ஒன்றுமில்லை.
கம்பியைப் பிடி. வேண்டியதைச் சொல். நடந்துவிடும்.
விலையாக வாயிலிருந்து ஒரு சொல் போகும்.
எழுத வரும். சொல்ல வராது.
எந்தச் சொல் என்பது உன் கையில் இல்லை.
பஸ்ஸை நிறுத்திய பையனுக்கு ‘வெங்காயம்’ போனது,
கடையில் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.
வட்டிக்காரர் ஒருவருக்குப் ‘போதும்’ போனது.
வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

போனவற்றைப் பேரேட்டில் பதிவது என் வேலை.
சிங்களப் பேரேடு பக்கத்து மேசை ருக்மலியிடம்.
தமிழ்ப் பேரேடு பதினொரு வருடம் ஆளில்லாமல் கிடந்தது.
அந்த வருடங்களில் போன சொற்கள் எங்கே என்று கேட்டேன்.
கோப்பு இல்லை என்றார்கள்.

பிரிவு நான்கு: தொலைந்த பொருளை அழைக்கலாம்.
குடை, சாவி, பூனை, காணி உறுதி.
பிரிவு ஐந்து: ஆட்களை அழைக்கக் கூடாது.
அது வேறு அமைச்சு.

செவ்வாய்க்கிழமை, மதியத்துக்குச் சற்று முன்,
ஜம்பட்டா வீதியிலிருந்து பெர்னதெத் வந்தார்.
படிவம் சுத்தமாக இருந்தது.
பொருள்: செருப்பு. ஒன்று. இடது கால். எட்டாம் நம்பர்.
மண்ணிறம். வார் அறுந்து கறுப்பு நூலால் தைத்தது.
தொலைந்த திகதியைப் பார்த்தேன்.
அன்றைக்கு எனக்கு இரண்டு வயது.

பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ஒரு கேள்வி உண்டு:
மேற்படி பொருள் தொலையும்போது
எவரேனும் அதை அணிந்திருந்தாரா?
ஆம் எனில் பிரிவு ஐந்து.
அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.

கேட்டாக வேண்டும்.
“வலது?” என்றேன்.
பையைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றி,
துடைத்து, ஒற்றையாய்.

ரயில் போனது.
பணிப்பாளர் சாப்பிடப் போயிருந்தார்.
‘இல்லை’ என்ற கட்டத்தில் நானே சரி போட்டேன்.

ஒரு சொல் போகும் என்று விதிப்படி எச்சரித்தேன்.
“அவன்ர பேர் போனா?”
“பேரும் சொல்தான்.”
கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு துண்டுக் கடதாசியில் ஏதோ எழுதி, மடித்து,
என் பக்கம் தள்ளினார்.
“மறந்திட்டன் எண்டா வாசிச்சுக் காட்டுங்கோ, தம்பி.”

கை நடுங்கியது அவருக்கு.
கம்பியின் மறுமுனையை நான் பிடித்தேன்.
அது எந்தப் பிரிவில் வரும் என்று தெரியாது.

செருப்பு வந்தது.
குதிப் பள்ளத்தில் ஈர மணல்.
அவர் அதைத் தட்டவில்லை. வலதோடு சேர்த்துச் சுற்றினார்.
பெயரைச் சொன்னார், ஒருமுறை, மெதுவாக. முழுசாக இருந்தது.
கடதாசியை மறந்துவிட்டுப் படியிறங்கினார்.
நான் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை போன் எடுத்தார்.
எல்லாச் சொல்லும் இருக்காம். தேடிப் பார்த்தாராம்.

எனக்கு அதற்கு முன்பே தெரியும்.
அன்று பின்னேரம் ருக்மலி பிளேன்டி வேண்டுமா என்றாள்.
சிங்களத்தில் மறுக்க முடிந்தது.
பிறகு பணிப்பாளர் இஸ்ஸதீன், பல்லைக் குத்திக்கொண்டே,
“இண்டைக்கு ஏதும் பிசகு உண்டா?” என்றார்.
வாயைத் திறந்தேன்.
அந்த இடத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது.

தலையை ஆட்டினேன்.
இந்த ஊரில் அதற்கு
எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம்.