பிடியரிசி

மூங்கில் பூத்த வருஷம்.
மௌதாம் என்போம் எங்கள் மிசோ மலையில்,
மூங்கிலின் சாவு என்று அர்த்தம்.
பூத்தது காய்த்தது, காயை எலி தின்றது,
தின்ற எலி பெருகி
ஒரே ராத்திரியில் சரிவில் இறங்கியது.
விடிந்தபோது எங்கள் நெல்
தலையில்லாமல் நின்றது.

எலிவாலுக்குக் காசு தருவதாகச் சர்க்கார் சொன்னது.
என் புருஷன் ஹ்ராங்கிமா
வால்களைக் கட்டுக்கட்டாக நாரில் கோத்து எடுத்துப்போனார்.
திரும்பி வரும்போது கையில்
உப்புப் பொட்டலம்.

ஆனாலும் ஆண்டவரே,
உலையில் போடுமுன் ஒரு பிடி உமக்கு.
வேளைக்கு ஒரு பிடி, அதற்கென்று ஒரு டப்பா,
இங்கே எல்லா அடுப்படியிலும் உண்டு.
என்னுடையது பழைய பிஸ்கட் டப்பா,
மூடியில் துருவேறிய குதிரை வண்டி.
சனிக்கிழமைதோறும் தார்நூனி வருவாள்,
கூடை முதுகில், கூடையின் வார் நெற்றியில்.
அளக்கமாட்டாள். பெயர் எழுதமாட்டாள்.
கவிழ்த்துக்கொண்டு போவாள்.

அதை என் கைக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை.
முதலில் சுண்டுவிரல் உள்ளே மடங்கியது.
அப்புறம் அதன் பக்கத்து விரல்.
மழை விட்ட வாரத்தில் கட்டைவிரலும்
அரிசி இருக்கவேண்டிய இடத்தில்
போய்ப் படுத்துக்கொண்டது.
வெளியிலிருந்து பார்த்தால் பிடி பிடிதான்.
அந்த மூடிய கையோடுதான்
இன்றைக்கு உள்ளதை இன்றைக்குத் தாரும் என்று ஜெபித்தேன்.
கட்டிலுக்கு அடியில், பழைய புவான் துணி போர்த்தி,
போன வருஷத்து அரிசி
அரை மூட்டை இருந்தது.
நாளைக்கு உள்ளது. நாளை மறுநாளைக்கு உள்ளது.
நீர் மறந்துபோனால் என்று
ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.
மூட்டை சொல்லிக்கொண்டிருந்தது.

நேற்று திங்கள். அவள் வருகிற நாள் அல்ல.
வாசலில் கூடையை இறக்கினாள் தார்நூனி.
இந்த வருஷம் பிடியரிசியை விற்கப்போவதில்லையாம்,
இல்லாத வீடுகளுக்கே கொடுப்பதென்று
சபையில் தீர்மானித்தார்களாம்.
"உன் டப்பா இளைத்துக்கொண்டே வந்ததைப் பார்த்தேன்,
நீயாக வந்து கேட்கமாட்டாய்" என்றாள்.
அளக்காதவள்தான்.
என் பொய்யை அவள் பசி என்று வாசித்திருந்தாள்.

நான்கு படி.
முறத்தில் கொட்டிப் பார்த்தேன்.
வெள்ளை, நொய், புழுங்கின வாடை அடிக்கிற கடை அரிசி,
நடுநடுவே சிவப்பு.
சிவப்பரிசி விதைத்தவள்
இந்த வரிசையில் துவாம்சிங்கி ஒருத்திதான்.
அவள் சரிவில் ஒரு கதிர் மிஞ்சவில்லை.
மூன்று பிள்ளைகள், காட்டில் கிழங்கு தோண்டுகிறார்கள்.
எங்கே வைத்திருந்தாள் இதை?
எத்தனை விரலால் அள்ளினாள்?

நீர் கொடுப்பீரா என்று
இத்தனை மாதம் உம்மைச் சோதித்தேன்.
கொடுத்துவிட்டீர்.
இப்படியா கொடுப்பது?

ராத்திரி விளக்கோடு குனிந்து
மூட்டையை வெளியே இழுத்தேன்.
எலி கடித்திருக்கும் என்று நினைத்தேன்.
கடித்திருக்கட்டும் என்றுகூட நினைத்தேன்,
அழுதுவிட்டுப் படுத்திருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும்.
ஒரு ஓட்டை இல்லை.
ஒரு மணி சிந்தவில்லை.
நீர் தண்டிக்கவும் மாட்டேன் என்கிறீர்.

மூங்கில் தரை கிறீச்சிட வாசல்வரை தள்ளினேன்.
என்ன சத்தம் என்றார் ஹ்ராங்கிமா தூக்கத்தில்.
மூட்டை என்றேன்.
எந்த மூட்டை என்றார்.
அவருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

இப்போது அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
பள்ளத்தாக்கில் மேகம் இன்னும் எழவில்லை.
துவாம்சிங்கி வீட்டில் புகை தெரிகிறது,
கூப்பிட்டால் கேட்கும் தூரம்.
தொண்டையைச் செருமிப் பார்த்தேன்.
விசுவாசி என்று என் பெயர்
சபைப் புத்தகத்தில் இருபது வருஷமாக இருக்கிறது.

இன்று செவ்வாய்.
சனிக்கு நான்கு நாள்.
அதுவரை காத்திருந்தால்
இது மறுபடியும் கட்டிலுக்கடியில் போய்விடும்,
என் கையை எனக்குத் தெரியும்.

விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கிறேன்.
சுண்டுவிரல் மட்டும்
வர மறுக்கிறது.