ஐந்து புள்ளி

ஆமர் வீதி அச்சகத்தில்
அந்தச் சான்றிதழைச் செய்தது நான்தான்.
ஒல்லாந்தர் காலத்து வெள்ளி. ஐந்நூறு மட்டும்.
ஐந்நூறு எதுவென்று அதில் இல்லை,
போட வேண்டாமென்றார் கோட்டுக்காரர்.
நாணயம் என்ற சொல்லைத்
தங்க நிறத்தில் பெரிதாக்கினேன்.
பிரதி என்ற சொல்லை
இன்னும் சின்னனாக்கச் சொன்னார்.
பன்னிரண்டு புள்ளி. எட்டு. ஐந்து.
பிறகு சாம்பல் நிறம்.
பிறகு கப்பலுக்குக் கீழே,
அலையோடு அலையாக.
"பொய்யில்லைத் தம்பி, இருக்குத்தானே?"
இருந்தது.

நேற்று மழைக்குள்
துறைமுகத்தில் வேலை செய்து ஓய்ந்த திரவியநாதன் வந்தார்,
சட்டைக்குள் பொலித்தீன், அதற்குள் என் சான்றிதழ்.
"லேமினேட் பண்ணித் தாரும்,
மகளுக்குக் குடுக்கிறது."
சேமலாப நிதியில் எவ்வளவு போனதென்று
கேட்காமலே சொன்னார்.

சூட்டில் ஒரு குமிழி எழுந்தது,
சரியாக அலையின் மேல்.
உள்ளே அந்தச் சொல்
கொஞ்சம் வீங்கி நின்றது.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சாரத்தில் துடைத்துக்கொண்டிருந்தார்.

துணியால் ஒருதரம் அழுத்தினால்
குமிழி போய்விடும்.
அழுத்தவில்லை.
எண்பது ரூபாய் என்றேன்.
சில்லறையாக எண்ணித் தந்தார்,
ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில்
திருப்பிப் பார்த்து.