கூட்டம் இல்லாத நாள்

அழகர்மலை மேலே, நூபுர கங்கையில்
பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிப்பவள் நான்.
தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி
வீட்டில் உப்புக் கேட்டாலும் கத்தல்தான்.
சோப்புப் போடாதே, ஷாம்பு கிழிக்காதே,
குரங்கு பார்க்குது, பையை இறுக்கிப் பிடி.

எந்த மாசம் வந்தால் நல்லது என்று
போனில் கேட்பார்கள்.
ஆடியில் வராதே என்பேன்.
பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சந்தனம் சாத்த
மாடு கட்டியும் லாரி பிடித்தும் வருகிற சனம்
முதலில் இங்கேதான் ஏறும்.
தலை நனைந்தால் புண்ணியம்,
கால் நனைய அடுத்த வருஷம் வர வேண்டும்.

ஐப்பசியில் தைலக்காப்பு.
சாமியே எண்ணெய் தேய்த்துக் குளிக்க மலையேறி வருவார்.
பாதி வருஷம் அன்றைக்கு மழையும் கூட வரும்.
குடைக்குள் அவர், குடைக்கு வெளியே நாங்கள்.
வேறு தண்ணீர் பட்டால் அவர் மேனி கறுத்துவிடுமாம்.
"நமக்கு அந்தக் கவலை இல்லடி" என்பாள்
கூடை பார்த்துக்கொள்ளும் ஒச்சம்மாள்,
தன் கையை என் கையோடு வைத்துப் பார்த்து.

சித்திரையில் மட்டும் மலை காலி.
அவர் கள்ளர் கோலம் கட்டி
கருப்பிடம் சொல்லிக்கொண்டு மதுரைக்கு இறங்கியதும்
பூக்காரி போவாள், தோசைக்காரர் போவார்,
உண்டியல்கள்கூட வண்டியேறிப் பின்னாலேயே போகும்.
ஒச்சம்மாள் முடியிறக்கப் பேரனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.
குரங்குகள் என்னை மட்டும் பார்த்து
ஏமாந்து உட்கார்ந்திருக்கும்.

ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு
முதல் வேனில் ஒருத்தி வந்தாள்.
அந்த வெக்கையிலும் மணிக்கட்டு வரை சட்டை,
கழுத்தைச் சுற்றித் துப்பட்டா.
"கூட்டம் இருக்கா?"
"நீ ஒருத்திதான்."
இன்னொரு தடவை கேட்டாள்.
இன்னொரு தடவை சொன்னேன்.

குணமாகுமா என்று எல்லாரும் கேட்பார்கள்.
இரும்பு, செம்பு, மூலிகை என்று
யாரோ எழுதி மாட்டிய போர்டைக் காட்டிவிடுவேன்.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
இவள் கேட்கவில்லை.

துப்பட்டாவை எடுத்தாள்.
பிடரியிலிருந்து இடுப்பு வரை
வேப்பமரப் பட்டை மாதிரி வெடித்திருந்தது தோல்.
நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தாள்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்,
எண்ணி முடித்த சில்லறையை.

உள்ளே தண்ணீரின் சத்தம் மாறியது,
ஓர் உடம்பு நடுவில் வந்துவிட்டதால்.

என் கையில் போன்.
வைகைக் கரையில் தலை தலையாய்ச் சனம்,
தோல்பை அமுக்கித் தண்ணீர் பீச்சுகிற பையன்கள்,
கோவிந்தா கோவிந்தா என்று
இத்தனூண்டு போனுக்குள்ளிருந்து
அத்தனை லட்சம் தொண்டை.
அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"அக்கா, என்ன பட்டு?"
உள்ளேயிருந்து கத்தினாள்.
பச்சை கட்டினால் பயிர் செழிக்கும்,
சிவப்புக்கு வேறு சொல்வார்கள்.
நானும் அதற்குத்தான் காத்திருந்தேன்.
தங்கக் குதிரையின் காது மட்டும் தெரிந்தது,
ஆடிக்கொண்டு ஒரு குடை.
அந்த இடத்தில் படம் நின்றது.
சின்ன வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.
மலையில் சிக்னல் அப்படித்தான்.

"இன்னும் தெரியலைம்மா" என்றேன்.
"சரிக்கா. தெரியட்டும்."

அரை மணி ஆனது. வட்டம் சுற்றியபடியே இருந்தது.
அவள் வெளியே வரவில்லை.
நேரம் முடிந்தது என்று
நானும் கத்தவில்லை.