காலிக் கயிறு

போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டி
மூன்றாம் வளைவில் ஜீப்பை விட்டு இறங்கினோம்.
ஏலத் தூர்களுக்கு நடுவே
வால் மட்டும் நிமிர்ந்து நின்றது.

பதிவேட்டில் லிஜோவின் கையெழுத்து.
கோபுர இரும்பு எட்டு நடை,
ஒவ்வொன்றுக்கும் எடை, ஏறிய நேரம்.
ஒன்பதாம் வரியில் எண் மட்டும்.

களை வெட்டிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் சொன்னார்:
"பாரத்தோட போறப்ப நிதானமாத்தான் போச்சு சார்.
வெறுங்கயிறா திரும்பையிலதான்
பட்டம் மாதிரி பின்னால எவ்விக்கிட்டு ஏறுச்சு."
பட்டம் என்றே போடவா என்றார் எழுதுகிறவர்.
போடுங்கள்.

கம்பிவடத்தை ரோட்டில் நீட்டி அளந்தேன்.
மேலிருந்து முப்பதாம் அடியில்
நகக்கண் அளவு சிவப்புப் பெயிண்ட்.
வால்விசிறியின் சிவப்பு.
அதற்குமேல் வடம் இல்லை, பிரி பிரியாக நார்.

கொக்கியை மேசையில் பூட்டி
நூறு தடவை பொத்தானை அழுத்தினோம்.
நூறு தடவையும் திறந்தது.

சுமை இருந்தால் கயிறு தொங்கும்.
இல்லாத கயிற்றுக்கு மெதுவாக வர வேண்டும்.
கேப்டன் ரெஜிக்கு இது தெரியும்,
பதினோரு வருடமாகத் தெரியும்.

கிளம்புகையில் லிஜோ
ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டான்.
"மஞ்ஞு ஏறுது, வேகம் வா சேட்டா,
வயர்லெஸ்ல நான்தான் சொன்னது.
யாரும் கேக்கல. எழுதிக்கோங்க சார்."

மூடிய பேனாவைத் திறந்தேன்.
சூரியநெல்லிப் பக்கமிருந்து பனி வந்து
தாளை நனைத்தது.
மை பரவியது.
அவன் விடவில்லை,
மறுபடி முதலிலிருந்து சொன்னான்.