சுண்டுவிரல்

ஞாயிறு வகுப்பில் கற்றுவந்தாள் நிவிக்கா
விரல்விட்டு ஜெபிக்கும் முறையை:
கட்டைவிரல் வீட்டாருக்கு,
ஆள்காட்டி வழிகாட்டுவோருக்கு,
நடுவிரல் நாடாள்வோருக்கு,
மோதிரவிரல் நோயாளிகளுக்கு.
கடைசியாகத்தான் சுண்டுவிரல், தனக்கு.

உம்மன்னாக்கில் நவம்பர் முதலே சூரியன் இல்லை.
வழியெல்லாம் கையுறையைக் கழற்றிக் கழற்றி
ஜெபித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.
நுனிகள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. திட்டினேன்.
"உள்ள நாலு பேரும் ஒரே ரூம்ல இருக்காங்கம்மா,
எது யாருக்குன்னு கர்த்தருக்கு எப்படித் தெரியும்?"
எனக்கும் தெரியவில்லை.
சூப்பைக் கிளறினேன்.

இனூத்தெக் திரும்ப எட்டு மணி.
பனித்துளையில் நாளெல்லாம் கயிறிழுத்த கை,
ஹாலிபட் மீனின் கவிச்சி போகாத கை.
கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயில் வாசல் மிதிப்பவன்.
சட்டைகூட மாற்றவிடாமல் உட்காரவைத்து
விரல் விரலாய்த் தொட்டுச் சொன்னாள்.
நாலுவரை வந்தாள்.
நின்றாள்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன்
கயிறு சுற்றிக்கொண்டு போன இடம்
வழவழவென்று இருந்தது.

"அப்போ அப்பா
தனக்குன்னு கேட்கவே முடியாதா?"

"கேட்டதில்லை" என்றான்.
சிரிக்கத்தான் பார்த்தான்.

தன் சுண்டுவிரலை
அந்த மொட்டைக் கணுமேல் நட்டுவைத்தாள்.
"இரவல்தான்.
காலையில திருப்பித் தரணும்."

அவன் உதடு அசைந்தது.
என்ன கேட்டான் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.
வெளியே நாய்கள்
தீனிக்கு ஊளையிட்டுக்கொண்டிருந்தன.
ஊளையிடட்டும் என்று
அசையாமல் உட்கார்ந்திருந்தான்.