நோக்குகூலி

வாளையார் தாண்டும்வரை எனக்கு
நோக்கு என்பது காகிதச் சொல்.
கூட்ட அறிக்கையின் இரண்டாம் வரியில்
‘நோக்கம்’ என்று வரும்,
மூன்றாம் வரியில் மறந்துபோகும்.

கஞ்சிக்கோட்டில் அதற்கு விலை இருந்தது.

ஆடி மாதம். ஏழு டன் லேத்.
கணபதியிலிருந்து வந்த லாரி,
பொள்ளாச்சி மயில்சாமியின் கிரேன்.
வேறு யாரும் கை வைக்க வேண்டிய வேலை இல்லை.
நீலச் சட்டைக்காரர்கள் ஐந்து பேர்
குழாய் அடுக்கின்மேல் செய்தித்தாள் விரித்து
உட்கார்ந்திருந்தார்கள்,
முகூர்த்தத்துக்கு வெகு முன்னால் வந்துவிட்ட
பெண்வீட்டார் மாதிரி.

“பார்ப்பதற்கா காசு?” என்றேன்.
“நோக்கான்தன்னெ” என்றார் சைதலவி,
என் தமிழைத் திருத்துகிறவர்போல, மரியாதையாக.

அப்படியொரு கூலி சட்டத்தில் இல்லை என்று
போனில் தேடி நீட்டினேன்.
கண்ணாடி போட்டு, முழுக்கப் படித்து,
நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று
திருப்பித் தந்தார்.

ஆபீசிலிருந்து ஓமனா
இளஞ்சிவப்பாய்ப் பதிமுக வெந்நீர் அனுப்பினாள்.
தண்ணீரும் ஆறவில்லை, நானும்.
இரண்டாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.
கணவாய்க் காற்று
என் துப்பட்டாவை, வரைபடத்தை, வாயில் இருந்த பேச்சை
எல்லாம் கோவைப் பக்கமே தள்ளியது.

எந்திரம் எழுந்தது.
இடுப்பளவு.
தோளளவு.
நான் அடித்தளத்து போல்ட்டுகளைப் பார்த்தேன்,
மயில்சாமி என் கையை,
அவன் உதவியாள் தன் போனை.

“நிக்கடா அவிடெ!”

வேற்று மொழி என்று கிரேனுக்குத் தெரியவில்லை.
நின்றது.
சைதலவி எழுந்திருக்கவில்லை,
தாடையால் மேலே காட்டினார்.
ஷேக்கிளில் பின் பாதி வெளியே வந்து
பல் விழப்போகிற பிள்ளைபோல
ஆடிக்கொண்டிருந்தது.

இறக்கினோம். முடுக்கினோம்.
யாரும் பேசவில்லை. காற்று மட்டும்
சங்கிலியைத் தட்டித் தட்டிப் பார்த்தது.

சாயங்காலம் ஐநூறு நீட்டினேன்.
வாங்கவில்லை.
“அது கூலியில் பெட்டதாண்.”
அதிலேயே அடக்கமாம்.

செலவுத் தாளில் ‘இதர’ என்று போட்டிருக்கலாம்.
‘பார்த்ததற்குக் கூலி’ என்று எழுதினேன்.
கணக்குப் பிரிவு சுந்தரவல்லி
சிவப்பு மையால் சுழித்தாள்:
யார், எதை, ரசீது எங்கே?
அடுத்த சம்பளத்தில் இரண்டாயிரம் குறைந்தது.
கேட்கப் போகவில்லை.

தை மாதம் இரண்டாவது எந்திரம்.
காற்று திசை மாறியிருந்தது.
பணத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு
குழாய் அடுக்கருகே போய் நின்றேன்.
சைதலவி ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து
தன் செய்தித்தாளில் பாதியை
என் பக்கம் விட்டார்.

எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகளின்மேல்
உட்கார்ந்தேன்.
மயில்சாமி கொக்கியை இறக்கினான்.
ஆறு பேர் நோக்கினோம்.