நாற்பத்தேழாம் இதழ்

நோவி சாட் நகரில் ஞாயிற்றுச் சந்தை.
துருப்பிடித்த குழாய்கள், ஒற்றைக் காலணிகள்,
அவற்றுக்கடியில் ஒரு வாழைப்பழப் பெட்டி.
பல் மருத்துவர் வெசெலின்கா
பனியில் மண்டியிட்டுக் கிளறுகிறாள்,
சொத்தையைத் தேடும் அதே விரல்களால்.

நாற்பத்தொன்று. நாற்பத்துநான்கு.
மறுபடியும் நாற்பத்துநான்கு.

பிறகு அது.
மூலை மடங்கி, அட்டையில் காப்பி வளையத்தோடு.

அவளுடைய பிரதியின் கடைசித் தாளைத்
தம்பி ஓக்னென் கப்பல் செய்து
டான்யூபில் விட்டது எழுபத்தொன்பதில்.
அன்றிலிருந்து
பாலத்து விளிம்பில் தொங்குகிறான்
அந்தக் குதிரைத் தபால்காரன்,
இடக்கையின் நான்கு விரல்களில்.
பரீட்சை வந்தது, கல்யாணம் வந்தது, போனது.
தொண்ணூற்றொன்பதில் குண்டு விழுந்து
ஊரின் பாலங்களே ஆற்றுக்குள் போயின.
அவன் விழவில்லை.

"இருநூறு தினார்."
பேரம் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றுகிறாள்.
கடைசிப் பக்கம், ஆறு கட்டங்கள்.
ஐந்தில் வெறும் மழை.
ஆறாவதில்
மூன்று விரல்கள்.
கீழே பொடி எழுத்தில்: தொடரும்.

"ஐயா,"
குரல் ஒன்பது வயதுக்கு எகிறுகிறது,
"நாற்பத்தெட்டு இருக்கா?"